அடிலெய்டை அழித்துவிட்டால் பிரிஸ்பேன் ஏது?

ஒருதலையாக முடியும் டெஸ்ட் ஆட்டத்தால் யாருக்கும் பயனில்லை என்பது இன்று பெரும்பாலோர் ஒத்துக்கொண்ட கருத்து. மலாக்காவின் ஜாசினிலும் மெர்லிமாவிலும் தே தாரேக் குடித்துக்கொண்டு பேசும் நம் இளைஞர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். “ஒன் சைட் கேம் லா அது. மூணு நாள்ல முடிஞ்சிருச்சி. இதுக்கு எதுக்கு அஞ்சு நாளு?” கிரிக்கெட்டை நிர்வகிக்கும் பெரிய மேசைகளில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பவர்களும் இதையே நாகரிகமான சொற்களில் சொல்கிறார்கள். தோட்டத்துத் திடலும் வாரியத்தின் கூட்ட அறையும் ஒரே குரலில் பேசுவது அபூர்வம். அப்படிப் பேசும்போது அந்தக் குரலைச் சற்று நிறுத்திக் கேள்வி கேட்பது அவசியம்.

அந்தக் கட்சியை முதலில் அதன் முழு பலத்தோடு எடுத்து வைக்கிறேன். விளையாட்டுக்கு உயிர் கொடுப்பது முடிவு தெரியாத தவிப்பு. அது போய்விட்டால் மிஞ்சுவது வெறும் சடங்கு. நான்காம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் டிக்கெட் வாங்கியவனுக்கு அந்த நாள்களே இல்லாமல் போகின்றன. தோற்கும் அணி பாடம் கற்பதில்லை, அவமானம்தான் படுகிறது. வளரும் தலைமுறை இதைப் பார்த்துவிட்டுக் காற்பந்துப் பக்கம் போய்விடுகிறது. ஆகவே டெஸ்டை நான்கு நாளாகக் குறைக்க வேண்டும், வலுவான நாடுகளையும் பலவீனமான நாடுகளையும் இரண்டு அடுக்காகப் பிரிக்க வேண்டும். இந்த அடுக்குத் திட்டம் 2016-ல் எழுந்து எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2025-ல் மீண்டும் பேச்சுக்கு வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் மேற்கிந்தியத் தீவுகள் கிங்ஸ்டனில் ஆஸ்திரேலியாவிடம் 27 ஓட்டங்களுக்குச் சுருண்டபோது அந்தக் குரல் இன்னும் உரத்தது.

இப்படிச் சொல்பவர்களுக்குக் கிரிக்கெட் மீது அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்களின் முடிவு தவறு என்கிறேன். அதைக் காட்ட எனக்கு வசதியான ஆட்டத்தை எடுக்கப் போவதில்லை. அவர்களுக்கு மிக வசதியான ஆட்டத்தையே எடுக்கிறேன். 2020 டிசம்பர் 17 முதல் 19 வரை அடிலெய்டில் ஆஸ்திரேலியாவும் இந்தியாவும் மோதிய டெஸ்ட் அது. இந்தியா தன் இரண்டாவது இன்னிங்ஸில் எடுத்தது 36. பதினொரு பேரில் ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. அதிகபட்சம் மயங்க் அகர்வாலின் 9. ஆஸ்திரேலியாவின் ஹேசல்வுட் 8 ஓட்டங்களுக்கு 5 விக்கெட், கம்மின்ஸ் 21 ஓட்டங்களுக்கு 4 விக்கெட். மலேசிய நேரப்படி சனிக்கிழமை நண்பகலுக்குத் தொடங்கிய மூன்றாம் நாள் ஆட்டம், நம் வீடுகளில் மதியச் சாப்பாடு முடிவதற்குள் தலைகீழாகிவிட்டது. ஆஸ்திரேலியா 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. இதைவிட ஒருதலையான ஆட்டத்தை யாரும் கேட்க முடியாது.

1. எப்போது ஒருதலையானது?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. முதல் இன்னிங்ஸில் இந்தியா எடுத்தது 244. பதிலுக்கு ஆஸ்திரேலியா ஒரு கட்டத்தில் 7 விக்கெட்டுக்கு 111. ஸ்டீவ் ஸ்மித்தை ஒரே ஓட்டத்தில் அனுப்பினார் அஸ்வின், மொத்தம் 4 விக்கெட் எடுத்தார். டிம் பெய்ன் கொடுத்த ஒரு கேட்ச் தவறியது, அவர் 73 ஓட்டங்களோடு கடைசிவரை நின்றார், அதனால்தான் ஆஸ்திரேலியா 191-ஐ எட்டியது. அப்படியும் இந்தியா 53 ஓட்டங்கள் முன்னிலை. இரண்டாம் நாள் ஆட்டம் முடிந்தபோது கையில் 9 விக்கெட்டும் 62 ஓட்ட முன்னிலையும் இருந்தன. அன்றிரவு தூங்கப் போனவர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் இந்தியாவின் கை ஓங்கியிருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆக, மூன்று நாள் ஆட்டத்தில் இரண்டு நாள் ஒருவர் கையில் இருந்தது. மூன்றாம் நாளின் ஒரு பகுதியில் அது கைமாறியது. ஒருதலை என்பது முடிவைப் பார்த்துவிட்டு ஆட்டம் முழுவதன் மீதும் பின்னாலிருந்து ஒட்டும் சீட்டு. ஸ்கோர் அட்டையின் கடைசி வரியை மட்டும் படிப்பவருக்கு அது உண்மையாகத் தெரியும். உட்கார்ந்து பார்த்தவருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடுத்து டிசம்பர் 26-ல் மெல்பர்னில் தொடங்கிய டெஸ்டில் ரஹானே 112 அடித்தார், இந்தியா வென்றது. எத்தனை விக்கெட் வித்தியாசம்? அதே 8 விக்கெட். அந்த ஆட்டத்தை ஒருதலை என்று யாராவது முகம் சுளித்தார்களா? நம் பக்கத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதை மீட்சி என்றோம், வீரம் என்றோம். ஒரே வித்தியாசத்தில் முடிந்த இரண்டு ஆட்டங்களில் ஒன்றை வீண் என்றும் மற்றதைக் காவியம் என்றும் சொல்பவர், ஆட்டத்தின் தரத்தைப் பற்றிப் பேசவில்லை. தன் மனக்காயத்தைப் பற்றிப் பேசுகிறார். அந்தக் காயம் எனக்கும் புரியும். ஆனால் அதை வைத்து விதிகளை மாற்றக் கூடாது.

2. மூன்று நாளில் முடிந்துவிட்டது என்று குறை சொல்லி, ஐந்தாம் நாளை எடுப்பது எந்த ஊர்க் கணக்கு?

நான்கு நாள் டெஸ்ட் வந்திருந்தால் அடிலெய்டுக்கு என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. அது மூன்று நாளில் முடிந்த ஆட்டம். நான்கு நாள் விதியும் அதைத் தொட்டிருக்காது. 36-க்குச் சுருண்டது அப்படியே இருந்திருக்கும்.

சிட்னிக்கு என்ன ஆகியிருக்கும்? பிரிஸ்பேனுக்கு? அங்கேதான் இடி விழுந்திருக்கும். 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்டின் ஐந்தாம் நாளில், தொடைத்தசை கிழிந்த விஹாரியும் முதுகுவலியோடு நின்ற அஸ்வினும் ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள். விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. ஓட்டம் எடுக்காமல் நின்றதுதான் அன்றைய சாதனை. அடுத்து பிரிஸ்பேன் காபா. 1988-க்குப் பிறகு அதுவரை ஆஸ்திரேலியா எந்த டெஸ்டிலும் தோற்காத திடல். ஐந்தாம் நாள், 97-ஆவது ஓவர், இன்னும் மூன்றே ஓவர் மீதி இருக்கும்போது ரிஷப் பந்த் வெற்றி ஓட்டத்தை அடித்தார். பந்து வீசியவர் யார் தெரியுமா? அடிலெய்டில் 8 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்த அதே ஹேசல்வுட்.

நான்கு நாள் விதி இருந்திருந்தால் காபா வெறும் டிராவாக முடிந்திருக்கும். அதாவது இந்த மருந்து நோயை விட்டுவிடுகிறது, நலமாக இருக்கும் உறுப்பை வெட்டி எடுக்கிறது. ஒருதலை ஆட்டங்கள் தாமாகவே சீக்கிரம் முடிகின்றன. கடைசி நாள் தேவைப்படுவது சமபலத்தில் இழுபறியாகப் போகும் ஆட்டங்களுக்குத்தான். நாளைக் குறைப்பவர்கள் எதைக் காப்பாற்றப் புறப்பட்டார்களோ அதையே பலி கொடுக்கிறார்கள்.

டிக்கெட் வாங்கியவனின் நட்டம் உண்மையானது. நடக்காத நாளுக்குரிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அது கல்லாப்பெட்டியில் தீர்க்க வேண்டிய விவகாரம், ஆட்டத்தின் அமைப்பை மாற்ற அது காரணமாகாது.

3. டெஸ்ட் ஆட்டம் தனியாகவா நடக்கிறது?

டெஸ்ட் என்பது தொடரின் ஒரு பகுதி. அடிலெய்டைத் தனியே கிழித்து எடுத்துப் பார்த்தால் அவமானம். தொடருக்குள் வைத்துப் பார்த்தால் அது காரணம். அந்தத் தோல்விக்குப் பிறகு மெல்பர்னுக்கு நான்கு மாற்றங்களோடு இந்தியா இறங்கியது. குழந்தை பிறப்புக்காகக் கோலி ஊர் திரும்பியிருந்தார், ஷமியின் கை உடைந்திருந்தது. இந்த இரண்டும் தவிர்க்க முடியாதவை. ஆனால் பிரித்வி ஷாவுக்குப் பதில் ஷுப்மன் கில், சாஹாவுக்குப் பதில் பந்த் என்ற மாற்றங்கள் அந்த 36 கொடுத்த அடியால் வந்தவை. கில் காபாவின் கடைசி நாளில் 91 அடித்தார். பந்த் 89 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். அடிலெய்டில் இந்தியா 150 எடுத்துக் கௌரவமாகத் தோற்றிருந்தால் இந்த மாற்றங்கள் அவ்வளவு துணிச்சலாக நடந்திருக்குமா? நடந்திருக்காது என்பது என் முடிவு. கௌரவமான தோல்வி பல குறைகளை மூடி மறைத்துவிடும்.

நமக்கு இதில் நெருக்கமான ஒரு கதையும் இருக்கிறது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன், வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்காகத்தான் அந்தப் பயணத்தில் சேர்க்கப்பட்டார். மூத்தவர்கள் ஒவ்வொருவராகக் காயம்பட்டு விழ, காபாவில் டெஸ்ட் தொப்பி வாங்கினார். சதம் அடித்த லபுஷேனை வீழ்த்தி, முதல் இன்னிங்ஸில் 78-க்கு 3 விக்கெட் எடுத்தார். அதே ஆட்டத்தில் அறிமுகமான சென்னை வாஷிங்டன் சுந்தர், 6 விக்கெட்டுக்கு 186 என்று தத்தளித்த அணியை ஷர்துல் தாக்கூரோடு சேர்ந்து 123 ஓட்டக் கூட்டணியால் தூக்கி நிறுத்தினார். அவர் எடுத்தது 62. அந்த வாரம் மலாக்கா நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் அடைபட்டுக் கிடந்தது. ஜனவரி 13-ல்தான் ஆணை மறுபடி வந்திருந்தது. சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்தபடி, ஒரு கூலித் தொழிலாளியின் மகன் ஆஸ்திரேலியக் கோட்டையில் பந்து வீசியதைக் கொண்டாடினார்கள். அடிலெய்டு வீண் என்றால் இதெல்லாம் எங்கிருந்து முளைத்தது?

இது இந்தியாவுக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டமும் அல்ல. 2024 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் அதே அடிலெய்டில் மூன்று நாளுக்குள் 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றன. இவர்களை எதற்கு அழைத்தார்கள் என்று பேசாதவர் இல்லை. அடுத்த ஆட்டம் அதே காபா. கயானாவின் பராகாரா என்ற ஒதுக்குப்புறக் கிராமத்திலிருந்து வந்த, காவலாளியாக வேலை பார்த்திருந்த ஷமார் ஜோசப், அடிபட்ட கால்விரலோடு 68-க்கு 7 விக்கெட் சாய்த்தார். 8 ஓட்டங்களில் வெற்றி. ஆஸ்திரேலிய மண்ணில் 1997-க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி. அந்தத் தொடரில் இரண்டே டெஸ்ட்தான் இருந்தன. மூன்று இருந்திருந்தால் யார் தொடரை வென்றிருப்பார்கள் என்ற கேள்வியை எழுப்பும் உரிமைகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. குறை சொல்ல வேண்டுமானால் இப்படி இரண்டே ஆட்டங்கள் கொண்ட தொடர்களைச் சொல்லுங்கள். தோற்றவன் திருத்திக்கொள்ள அவகாசமே தராத அட்டவணை அது.

4. பலவீனர்களை ஒதுக்கு என்ற விதி அன்றே இருந்திருந்தால் யார் யார் வெளியே நின்றிருப்பார்கள்?

முதலில் இந்தியா. 1932 ஜூனில் லார்ட்ஸில் தன் முதல் டெஸ்டை ஆடி இங்கிலாந்திடம் 158 ஓட்டங்களில் தோற்றது. அந்த அணியில் நம் மண்ணின் மைந்தர் ஒருவர் இருந்தார். கோலாலம்பூரில் பிறந்த லால் சிங். அன்றைய தினம் ஃபிராங்க் வூலியை ரன் அவுட் ஆக்கியவர் அவர். மலேசியாவில் இந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். அந்தத் தோல்வியிலிருந்து முதல் வெற்றிக்கு இந்தியா 20 ஆண்டுகள் காத்திருந்தது. 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில், இங்கிலாந்தை ஓர் இன்னிங்ஸ் 8 ஓட்டங்களில் வென்றது. வினு மன்கட் அந்த ஆட்டத்தில் எடுத்தது 12 விக்கெட். இன்னிங்ஸ் வெற்றி என்றால் அதுவும் ஒருதலைதான். இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியை, மதராஸ் மண்ணில் கிடைத்த அந்த வெற்றியை, பயனற்ற ஆட்டம் என்று பட்டியலிலிருந்து நீக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கட்டும்.

அடுத்து நியூசிலாந்து. 1930-ல் டெஸ்ட் ஆடத் தொடங்கி, முதல் வெற்றிக்கு 1956 வரை காத்திருந்த நாடு. அதற்கு முந்தைய ஆண்டு ஆக்லாந்தில் இங்கிலாந்திடம் 26 ஓட்டங்களுக்குச் சுருண்டது. டெஸ்ட் வரலாற்றில் இன்றுவரை அதைவிடக் குறைந்த மொத்தம் இல்லை. இன்றைய நிர்வாகிகளின் கண்ணாடியில் பார்த்தால் அன்றைய நியூசிலாந்து இரண்டாம் அடுக்குக்குக்கூடத் தகுதியில்லாத அணி. அதே நியூசிலாந்து 2024 அக்டோபரில் பெங்களூரில் இந்தியாவை 46-க்குச் சுருட்டி, தொடரை 3-0 என்று இந்திய மண்ணிலேயே கைப்பற்றியது.

அடுத்து வங்காளதேசம். 2000-ல் தொடங்கி முதல் வெற்றி 2005-ல்தான். 2024-ல் பாகிஸ்தானுக்குப் போய், ராவல்பிண்டியில் 6 விக்கெட்டுக்கு 26 என்ற நிலையிலிருந்து எழுந்து தொடரை 2-0 என்று வென்றது. யாரும் தோற்காமல் தேறியதில்லை. வலுவான நாடுகள் எல்லாம் ஒரு காலத்தில் மற்றவர்களின் பொறுமையால் வாழ்ந்தவை. அந்தப் பொறுமையை இன்று பிறருக்குத் தர மறுப்பது, ஏறிய ஏணியை உதைத்துத் தள்ளும் செயல்.

1984-ல் இங்கிலாந்து தன் மண்ணிலேயே மேற்கிந்தியத் தீவுகளிடம் 5-0 என்று தோற்றது. 1985-86-ல் கரீபியத் தீவுகளில் மீண்டும் 5-0. இங்கிலாந்தை இரண்டாம் அடுக்குக்கு இறக்குங்கள் என்று அப்போது யாரும் திட்டம் தீட்டவில்லை. இந்த ஓரவஞ்சனைக்கு எதிர்த்தரப்பு என்ன பதில் வைத்திருக்கிறது?

5. பலவீனம் வானத்திலிருந்தா விழுந்தது?

தோட்டத்தில் பிறந்தவர்களாகிய நமக்கு இதன் விடை மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். ஆங்கிலேயர் நம்மை மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுவந்ததுபோல், இந்தியத் தொழிலாளர்களைக் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே போர்ட் மொரான்ட் என்று ஒரு தோட்டம். ரோகன் கன்ஹாய், பேசில் புட்சர், ஜோ சாலமன், ஆல்வின் காளிச்சரண் என்று டெஸ்ட் ஆட்டக்காரர்கள் அந்த ஒரே வட்டாரத்திலிருந்து வந்தார்கள். 1960 டிசம்பரில் உலகின் முதல் சமன் டெஸ்ட் நடந்ததும் இதே பிரிஸ்பேனில்தான். கடைசி ஓவரில் குறி தவறாமல் எறிந்து ஸ்டம்ப்பைச் சாய்த்து ஆட்டத்தைச் சமனாக்கியவர் ஜோ சாலமன், அந்தத் தோட்டத்துப் பிள்ளை. வரலாற்றின் மிகச் சமபலமான ஆட்டம் ஒரு தோட்டக்காட்டுக் கையால் உருவானது.

அவர்கள் பிறவியிலேயே நம்மைவிடத் திறமைசாலிகளா? இல்லை. 1954-ல் அங்கிருந்த சர்க்கரை முதலாளிகளின் சங்கம், பார்படோஸ் வீரர் கிளைட் வால்கொட்டைச் சம்பளம் கொடுத்து அழைத்துவந்து, தோட்டங்களில் கிரிக்கெட்டை வளர்க்கும் பொறுப்பைத் தந்தது. திடல் இருந்தது, பயிற்சி இருந்தது, தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி இருந்தது. மலாயாவில் கிரிக்கெட் துரைமாரின் கிளப்புக்குள்ளும் நகரத்து ஆங்கிலப் பள்ளிகளுக்குள்ளும் இருந்தது. தொழிலாளிக்குக் கிடைத்தவை லயத்துக்குப் பக்கத்தில் ஒரு காற்பந்துத் திடலும் ஒரு கள்ளுக்கடையும். அலோர் காஜாவிலோ புக்கிட் அசஹானிலோ ஒரு கன்ஹாய் பிறக்கவில்லை என்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்? பிறந்திருந்தாலும் மட்டையைக் கையில் கொடுக்க ஆளில்லை.

இன்றைய உலகக் கிரிக்கெட்டும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. 2024 முதல் 2027 வரையிலான காலத்துக்கு அனைத்துலகக் கிரிக்கெட் மன்றம் பங்கிடும் வருமானத்தில் இந்திய வாரியத்துக்கு மட்டும் ஏறக்குறைய 38.5 விழுக்காடு. மிச்சத்தைத்தான் மற்ற எல்லா நாடுகளும் பிரித்துக்கொள்கின்றன. பணத்தை ஒருதலையாகப் பங்கிட்டுவிட்டு, ஆட்டம் ஒருதலையாகிவிட்டது என்று புலம்புவதில் நியாயம் இருக்கிறதா? இரண்டு அடுக்கு வந்தால் மேலடுக்கில் இருப்பவர்கள் தங்களுக்குள்ளேயே ஆடி, தங்களுக்குள்ளேயே சம்பாதிப்பார்கள். கீழடுக்கில் விழுந்தவர்களுக்குக் கூட்டமும் வராது, ஒளிபரப்புப் பணமும் வராது. இடைவெளி இன்னும் அகலும். அப்புறம் அந்த இடைவெளியையே காட்டி, பார்த்தீர்களா நாங்கள் சொன்னது சரிதான் என்பார்கள்.

6. பிள்ளைகளுக்கு அவமானமாம். அவமானம் யாருக்கு?

2025 ஜனவரியில் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான டி20 உலகக் கிண்ணம் மலேசியாவில் நடந்தது. நம் பெண்கள் அணிக்கு அந்தப் போட்டியில் அதுவே முதல் முறை. இலங்கையிடம் 23 ஓட்டங்களுக்குச் சுருண்டார்கள். இரண்டு நாள் கழித்து இந்தியாவிடம் 31. அந்த இலக்கை இந்தியா 2.5 ஓவரில் எட்டிவிட்டது. ஏன் இந்தப் பிள்ளைகளை ஆட விட்டார்கள், நாட்டு மானமே போச்சு என்று நம்மவர்களே பேசினார்கள். மூன்றாவது ஆட்டத்தைப் பற்றி அவர்கள் பேசவில்லை. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நம் பெண்கள் எடுத்தது 59. எதிரணியை 112-க்குள் நிறுத்தியும் காட்டினார்கள். அதிலும் தோல்விதான். ஆனால் 23, 31, 59 என்ற மூன்று எண்களையும் ஐந்து நாள் இடைவெளிக்குள் வரிசையாக வைத்துப் பார்க்கத் தெரிந்தவர் அதை அவமானம் என்று சொல்ல மாட்டார்.

இந்தப் பேச்சு கிரிக்கெட்டோடு நின்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மலாக்காவின் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுக்குள்ளும் இது நுழைந்துவிட்டது. 150 மாணவர்கள்கூட இல்லாத பள்ளிகள் அவற்றில் உண்டு. காற்பந்துக்கு ஓர் அணி சேர்க்க ஆறாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டுவரை இறங்கித் தேட வேண்டும். மாவட்டப் போட்டியில் ஆயிரம் மாணவர்கள் படிக்கும் பட்டணத்துப் பள்ளியைச் சந்தித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. “ஏன் டீச்சர் புள்ளைங்களக் கூட்டிட்டுப் போயி அசிங்கப்படுத்துறீங்க?” என்று கேட்கும் பெற்றோர் கெட்டவர்கள் அல்ல, பிள்ளை மீது பாசம் உள்ளவர்கள். ஆனால் அந்தப் பாசம் பிள்ளையைத் திடலுக்கு வெளியே நிறுத்துகிறது. அடுத்த ஆண்டு அந்தப் பள்ளி பெயர் கொடுப்பதில்லை. அதற்கடுத்த ஆண்டு திடலில் புல் முளைத்துவிடுகிறது. கிரிக்கெட் வாரியங்கள் நாடுகளுக்குச் செய்ய நினைப்பதை நாம் நம் பிள்ளைகளுக்கே செய்துவிடுகிறோம்.

ஒரே ஆட்டத்தில் தோற்றதும் வீட்டுக்கு அனுப்பும் போட்டி முறைதான் இங்கே உண்மையான குற்றவாளி. நம் பெண்கள் அணிக்கு 59 கிடைத்தது, குழுச்சுற்றில் மூன்று ஆட்டங்கள் உறுதியாக இருந்ததால். முதல் தோல்வியோடு வெளியேற்றியிருந்தால் 23-தான் அவர்கள் பெயரில் நின்றிருக்கும். மாவட்ட அளவில் தொடக்கப்பள்ளிகளுக்கு வெளியேற்று முறையை விட்டுக் குழுச்சுற்று முறை வேண்டும், வருகிற எந்தப் பள்ளிக்கும் மூன்று ஆட்டம் உறுதி வேண்டும் என்று நம் பள்ளி வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் எழுதிக் கேட்கட்டும். முதல் ஆட்டத்தில் 9-0 என்று தோற்றாலும், அடுத்த ஆட்டத்துக்குப் பேருந்தும் சாப்பாடும் ஏற்பாடு செய்து கொடுக்கட்டும்.